குட்டி விமானத்தின் டேங்கில் மூன்று குழாய்கள்
(நம் சங்கத்தின் கோடைக்காலக் கூட்டத்தில் பேசியது)



நடிகர் அஜித்குமார் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழுவுக்கு ஆலோசகராக இருந்த செய்தி வந்ததிலிருந்து ரிமோட் விமான ஆசை நம் தெருவுக்கும் வந்துவிட்டது. பேட்டரி விமானம் வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலையில்லை. மெத்தனால் எஞ்சின் வாங்கியவர்கள் மட்டும் கேளுங்கள். வானத்தில் எஞ்சின் நின்றால், இரண்டு கிலோ சாமான் யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. பல நேரம் எஞ்சின்மேல் குற்றமே இருக்காது, டேங்கின் குழாயில்தான் இருக்கும்.

வங்கியில் பேரேடு எழுதியவன் நான். ஒரு பக்கம் பற்று என்றால் மறுபக்கம் வரவு. டேங்கிலும் அதே கணக்கு. ஒரு சொட்டு வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும்.

ரப்பர் கார்க்கில் மூன்று பித்தளைக் குழாய்கள். முதலாவது கார்புரேட்டருக்கு. இதன் உள்முனையில் மெல்லிய சிலிக்கோன் டியூபும், அதன் நுனியில் ஒரு பித்தளைக் குண்டும் இருக்கும். விமானம் தலைகீழானாலும் எரிபொருள் போகும் பக்கம் குண்டும் போகும். டியூப் நீளமானால் குண்டு பின்சுவரில் சிக்கும். டேங்கைக் குலுக்கினால் 'டக் டக்' என்று கேட்கவேண்டும். மூக்குக் குத்தி இறங்கிய பிறகு மறுபடி குலுக்கிப் பாருங்கள், டியூப் முன்பக்கம் மடிந்திருக்கும்.

இரண்டாவதை உள்ளே மேல்நோக்கி வளைத்து, வெளியே சைலென்சரோடு இணைக்க வேண்டும். புகையின் அழுத்தம் எரிபொருளைத் தள்ளும். மூன்றாவது நிரப்புவதற்கு, பறக்குமுன் அடைத்துவிட வேண்டும். நிரப்பும்போது சைலென்சர் டியூபைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வழிவது எஞ்சினுக்குள் போய்விடும்.

டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டர் மட்டத்தில், அல்லது சற்றுத் தாழ இருக்கட்டும். உயர்ந்தால் எண்ணெய் தானாக வழிந்து எஞ்சின் மூழ்கும். சுற்றிலும் ஸ்பாஞ்ச் வையுங்கள், அதிர்வில் நுரை வராது.

ஊசித்துளை ஓட்டை இருந்தால் டியூபில் காற்றுக்குமிழி ஓடும், எஞ்சின் சூடாகி நின்றுவிடும். பஞ்சர் கடைக்காரர் செய்வதுபோல டேங்கைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கி, இரண்டு குழாயை அடைத்து மூன்றாவதில் சிரிஞ்சால் காற்று அடியுங்கள். வாயால் ஊதவே கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இந்த மெத்தனால்தான். கண்பார்வையையும் பறிக்கும். எரிந்தால் பகலில் சுடரே சரியாகத் தெரியாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும்.

பெட்ரோல் எஞ்சின் வைத்திருந்தால் சிலிக்கோன் டியூப் ஆகாது, உப்பிப் போகும். அதற்கென்று தனி டியூபும் கார்க்கும் உண்டு.

வரதர் கோயில் பக்கத்துத் தெருக்களில், மின்கம்பிகளுக்கு நடுவே யாரும் பறக்கவிட வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு உங்கள் டேங்கைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். பக்கெட்டும் சிரிஞ்சும் நான் கொண்டுவருகிறேன்.