மருந்தின் உறையும் மருந்தே!

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம்மில் பலர் டாக்டரிடம்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒன்று. சிறுநீர் அவசரம். வந்த உணர்வை அடக்க முடியாமல், கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் ஆடை நனைந்துவிடும் நிலை. அதற்கான ஒரு பூச்சு மருந்தைப் பற்றியும், குறிப்பாக அந்த மருந்து அடைக்கப்பட்டு வரும் உறையைப் பற்றியும் சொல்லப் போகிறேன். உறையைப் பற்றி ஒரு உரையா என்று நினைக்காதீர்கள். கடைசிவரை கேளுங்கள்.

முதல் ஸஃப்பில் நின்று தொழுத பெரியவர் சில மாதங்களில் கடைசி வரிசைக்குப் போகிறார். பிறகு பள்ளிவாசலுக்கே வருவதில்லை. கேட்டால் முழங்கால் வலி என்கிறார். கல்யாண வீடு, மவுத்து வீடு எதற்கும் வராத தாய்மார்கள் இருக்கிறார்கள். கேட்டால் வெயில் என்கிறார்கள். இவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் சிறுநீர்ப்பைதான்.

சிறுநீர்ப்பை நிறையும் வரை அதன் சுவர்த்தசை தளர்ந்து இருக்க வேண்டும். இந்த நோயில் பை நிறைவதற்கு முன்பே தசை தன் இஷ்டத்துக்குச் சுருங்குகிறது. உடனே அவசரம் வருகிறது. பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போவது, இரவில் பலமுறை எழுவது, சில நேரம் கசிவது, இவை இதன் அடையாளங்கள். சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றாலும் இதே தொல்லை வரலாம். அதனால் முதலில் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

ஒளு நிற்காதே என்று வேதனைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்ந்து சிறுநீர் சொட்டும் நிலையில் உள்ளவர்களுக்கு நம் மார்க்கச் சட்டத்தில் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் ஒவ்வொரு ஃபர்ளு தொழுகைக்கும் ஒளுச் செய்வது, ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒளுச் செய்வது என்று நம் இமாம்கள் வழி வகுத்திருக்கிறார்கள். அதற்கு நிபந்தனைகளும் உண்டு. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை ஹஸ்ரத்திடம் தனியே கேளுங்கள். வெட்கப்பட்டுத் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

இனி மருந்துக்கு வருவோம். ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து சிறுநீர்ப்பைத் தசையின் தேவையற்ற சுருக்கத்தைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1975-இல் மாத்திரையாக அனுமதி பெற்ற பழைய மருந்து இது. மாத்திரையாக விழுங்கும்போது குடலும் ஈரலும் அதை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. வாய் வறட்சிக்கு அந்தப் பொருளே பெரிய காரணம். எனவே ஈரலைச் சுற்றிப் போகாமல் தோல் வழியே நேராக ரத்தத்தில் சேர்க்கும் வழியைத் தேடினார்கள். 2003-இல் ஆக்ஸிட்ரோல் என்ற ஒட்டுப்பட்டையும், 2009-இல் ஜெல்னிக் என்ற பூச்சு ஜெல்லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

அந்த ஜெல் எப்படி வருகிறது தெரியுமா? ஒரு கிராம் மட்டும் கொண்ட சின்னஞ்சிறு உறையில் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு உறை. உள்ளே 100 மில்லிகிராம் மருந்து. ஏன் ஒரே டியூபில் போட்டுத் தரக்கூடாது? ஜெல்லில் ஆல்கஹால் கலந்திருக்கிறது. மருந்து தோலுக்குள் இறங்க அது துணை செய்கிறது. ஆனால் காற்றுப் பட்டால் ஆவியாகிவிடும். ஆவியாகிவிட்டால் மிஞ்சும் ஜெல்லில் மருந்தின் செறிவு மாறிவிடும். அதனால்தான் காற்றும் ஈரமும் புகாத உறை. கூடவே அளவும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. கண் மங்கிய, கை நடுங்கும் முதியவர் எவ்வளவு பிதுக்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆக, உறை இங்கே அலங்காரம் அல்ல. அளவுகோலும் காவலும் அதுவே.

இதிலிருந்து வீட்டில் கவனிக்க வேண்டியவை:

ஒன்று, உறையைப் பிரித்ததும் உடனே பூச வேண்டும். பாதி இன்று, பாதி நாளை என்று மடித்து வைப்பதோ, பல உறைகளை ஒரு சீசாவில் ஊற்றி வைப்பதோ கூடாது.

இரண்டு, வயிறு, தொடை, மேற்கை அல்லது தோள், இந்த இடங்களில் காயமில்லாத, உலர்ந்த தோலில் பூச வேண்டும். அடுத்த நாள் வேறு இடம். பூசியபின் ஒரு மணி நேரம் குளிக்கக் கூடாது. முகம், முழங்கை வரை கை, தலை, கால் என்று ஒளுவின் உறுப்புகளில் வயிறும் தொடையும் இல்லை. ஆகவே அங்கே பூசினால் ஒளுவுக்கு இடைஞ்சல் இல்லை. ஜும்ஆ நாளில் குளித்து, துவட்டி, பிறகு பூசிக்கொள்ளலாம். ஆல்கஹால் கலந்த பூச்சைப் பற்றி ஐயம் உள்ளவர்களும், ஒட்டுப்பட்டை ஒட்டியிருக்கும்போது கடமையான குளிப்பை எப்படி நிறைவேற்றுவது என்று யோசிப்பவர்களும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

மூன்று, ஜெல் காயும் வரை அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது. பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. அது தீப்பற்றும் பொருள். ஃபஜ்ருக்குப் பின் பூசிவிட்டு நேரே டீ போடப் போகும் தாய்மார்கள் இதை மறக்கக் கூடாது.

நான்கு, இதுதான் மிக முக்கியம். பூசிய மருந்தில் ஒரு சிறு பங்குதான் உடம்புக்குள் போகிறது. மீதி தோலின் மேலேயே இருக்கிறது. பூசிய தோளில் பேரக்குழந்தையைச் சாய்த்துக்கொண்டால் மருந்து அந்தப் பிஞ்சுத் தோலுக்குப் போகும். கையை நன்றாகக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூடிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். ஒட்டுப்பட்டையும் அப்படித்தான். ஒரு பட்டையில் 36 மில்லிகிராம் மருந்து. நாளொன்றுக்கு வெளிவருவது 3.9 மில்லிகிராம். நான்கு நாள் கழித்து எடுத்தாலும் பாதிக்கு மேல் அதிலேயே மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகளுக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும்.

ஐந்து, இந்த உறை பார்ப்பதற்கு நம் குளியலறையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட் மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாப் பாக்கெட்டும் ஒன்றுதான்.

அடுத்து, காப்புரிமை. “இது பேட்டன்ட் வாங்கிய மருந்து, அதனால் உசத்தி” என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். காப்புரிமை என்பது தரச் சான்றிதழ் அல்ல. ஒன்று புதிது, எளிதில் யாருக்கும் தோன்றாதது, தொழிலில் பயன்படக்கூடியது என்று காட்டினால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமை, அவ்வளவுதான். மருந்து ஒன்றாக இருக்கும். அதன் மூலப்பொருளுக்கு ஒரு காப்புரிமை, ஜெல்லாகக் கலக்கும் முறைக்கு ஒன்று, அடைக்கும் உறைக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வாங்கலாம். மூலப்பொருளின் காலம் முடிந்த பின்னும் மற்றவை நீடிக்கலாம். பழைய மருந்து புதிய உறையில் புதிய விலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல உறையைக் கண்டுபிடித்தவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. காற்றுப் புகாத, அளவு தவறாத, முதியவர் விரலுக்குப் பிரியும் உறை ஒன்றைச் செய்வது சாமானிய வேலையல்ல. ஆனால் பழைய பொருளில் சிறு மாற்றம் செய்து புது உரிமை கேட்பதற்கு ஒரு எல்லை வேண்டும். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த மருந்தின் புதிய வடிவம் குணமாக்கும் திறனில் மேம்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 2013 ஏப்ரல் 1 அன்று ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலிவு விலை மருந்தை நம்பியிருக்கும் ஏழைகளுக்கு அது பெரிய நிம்மதி.

ஆகவே அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது விலை உயர்ந்த ஜெல்லைக் கொண்டுவந்தால்தான் குணமாகும் என்று யாரும் ஏங்க வேண்டாம். டோல்டெரோடின், சாலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்ற மாத்திரைகள் இங்கேயே கிடைக்கின்றன. யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. ஆக்ஸிபியூட்டினின் தோலில் பூசினாலும் மருந்துதான். கண் அழுத்த நோயின் ஒரு வகை உள்ளவர்களுக்கும், சிறுநீர் அடைத்துக்கொள்பவர்களுக்கும் அது ஆகாது. முதியவர்களுக்குக் குழப்பமும் மலச்சிக்கலும் வரலாம். வியர்வை குறைவதால் நம்மூர் வெயிலில் உடல் சூடேறும் ஆபத்தும் உண்டு.

மருந்துக்கு முன்பே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. டீ, காப்பியைக் குறைப்பது, நேரம் குறித்துக் கழிப்பறைக்குப் போய் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுவது, இடுப்பின் அடித்தசைகளுக்கான பயிற்சி. இவற்றுக்குக் காசு செலவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அத்தாவோ உம்மாவோ வெளியே வரத் தயங்கினால் கடிந்துகொள்ளாதீர்கள். தனியே உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். டாக்டரிடம் கூடப் போங்கள். மருந்து வாங்கி வந்ததும் உறையில் உள்ளதைப் படித்துச் சொல்லுங்கள். பொடி எழுத்தைப் படிக்க அவர்கள் கண்ணுக்கு முடியாது. உங்கள் கண்ணுக்கு முடியும். பரிசோதனைச் செலவுக்கு வழியில்லாதவர்கள் நம் அலுவலகத்தில் என்னிடமோ, பெண்கள் மகளிர் பிரிவுச் சகோதரிகளிடமோ சொன்னால் போதும். விஷயம் வெளியே போகாது.

வல்ல அல்லாஹ் நம் பெரியவர்கள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்து, மீண்டும் முதல் ஸஃப்பில் நிற்கும் பாக்கியத்தை நல்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.