தொட்டிலும் தொழிலும்



இன்று நாம் பேசப் போவது எல்லார் வீட்டிலும் உள்ள விஷயம். வீட்டில் சிறு பிள்ளை இருக்கிறது. வேலைக்கும் போக வேண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு போட வேண்டும். நாம் லீவு போட்டால், நம் வேலையைக் கூட வேலை செய்கிறவர் பார்க்க வேண்டும். பிள்ளைக்கும் குறை வரக்கூடாது. கூட வேலை செய்கிறவருக்கும் அநியாயம் நடக்கக்கூடாது. இது முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு படம், இரண்டு பேச்சு

நம் திருவனந்தபுரத்திலேயே இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. அப்போது மாநகராட்சி மேயராக இருந்தவர் ஆர்யா ராஜேந்திரன். 2020 டிசம்பரில், 21 வயதில் மேயர் ஆனவர். 2023 செப்டம்பரில் அவருடைய படம் ஒன்று வெளியானது. பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலக மேசையில் கோப்பு பார்க்கிறார். நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

சிலர் பாராட்டினார்கள். "தாய்மையும் உண்டு, கடமையும் உண்டு. இதல்லவா பெண்!" என்றார்கள்.

சிலர் வேறு மாதிரிக் கேட்டார்கள். "மேயருக்குத் தனி அறை உண்டு. உதவிக்கு ஆள் உண்டு. தெரு கூட்டுகிற பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வர முடியுமா? துணிக்கடைப் பெண் வர முடியுமா?" என்றார்கள்.

இந்த இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. பிள்ளை பெற்ற பெண் வேலையை விட வேண்டியதில்லை என்று அந்தப் படம் சொன்னது. அது நல்ல செய்தி. ஆனால் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் வேலை என்று ஒரே ஆள் எத்தனை நாள் தாங்க முடியும்? அதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

ஒரு துணிக்கடைக் கதை

சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கடைதான். அதில் ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருத்திக்கு இரண்டு வயதுப் பிள்ளை. ஒருத்திக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தியின் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். மற்ற இருவரின் பிள்ளைகள் பெரியவர்கள்.

ஓணம் நெருங்குகிறது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். மாலை நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல். தாய் ஓடுகிறாள். அவள் பார்க்க வேண்டிய சேலைப் பகுதியைக் கல்யாணமாகாத பெண் பார்க்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு எல்லாச் சேலையையும் மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.

முதல் தடவை மனதார உதவுகிறாள். "போய்ப் பிள்ளையைப் பார் அக்கா" என்கிறாள். இரண்டாம் தடவையும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் தடவை முகம் மாறுகிறது. "எனக்கும் வீடு உண்டு. எப்போதும் நான்தானா?" என்று கேட்டுவிடுகிறாள். "உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?" என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சொல் அவளைச் சுடுகிறது. தாயின் காதிலும் ஒரு சொல் விழுகிறது. "அவளுக்கு எதற்கெடுத்தாலும் பிள்ளை ஒரு சாக்கு." அது அவளைச் சுடுகிறது.

இதில் யார் கெட்டவர்? இரண்டு பேரும் இல்லை. சண்டை இவர்களுக்குள் நடக்கிறது. ஆனால் சண்டைக்கே வராத இரண்டு பேர் உண்டு. ஒருவர் கடை முதலாளி. கூட்டம் வரும் என்று தெரிந்தும் கூடுதலாக ஆள் போடவில்லை. இரவு ஒன்பது மணி வரை நின்றவளுக்குக் கூடுதல் கூலியும் தரவில்லை. இன்னொருவர் பிள்ளையின் அப்பா. அவரும் வேலைக்குப் போகிறார். ஆனால் போன் எப்போதும் அம்மாவுக்குத்தான் வருகிறது.

பிள்ளை வளர்க்கும் பாரத்தை முழுவதும் தாய் தலையில் வைத்தால் தாய் ஒடிந்து போவாள். அவள் தலையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் நிற்கிற தோழி தலையில் வைத்தால் தோழி ஒடிந்து போவாள். முதலாளி, அப்பா, அரசு எல்லாரும் பிடித்தால் யார் தலையும் நோகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரசவ விடுப்பு யாரும் போடும் பிச்சை அல்ல. அது உரிமை. 1919-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே பிரசவப் பாதுகாப்புக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்.

நம் நாட்டில் 1961-ல் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. சம்பளத்தோடு 12 வாரம் விடுப்பு கிடைத்தது. 2017-ல் அதை 26 வாரமாக உயர்த்தினார்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் இருந்த இந்த உரிமைகள் இப்போது அதில் இருக்கின்றன. முக்கியமானவை இவை:

முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பு. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்.

பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் 80 நாளாவது அந்த இடத்தில் வேலை செய்திருக்க வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக்கூடாது.

திரும்பி வந்த பிறகு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு.

ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். பல நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தவும் சட்டம் இடம் தருகிறது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். கடைத்தெருவில் எத்தனையோ சின்னக் கடைகள். ஒரு கடைக்குக் காப்பகம் நடத்தச் சக்தி இருக்காது. இருபது கடைகள் சேர்ந்தால் முடியும். சட்டம் கட்டாயப்படுத்தாத சின்னக் கடைகளும் இந்த வழியைப் பின்பற்றலாம்.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1975 முதல் அங்கன்வாடிகள் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடும். கடை மூட இரவு ஆகும். நடுவில் பிள்ளை எங்கே இருக்கும்? அதனால்தான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் காப்பகம் வேண்டும். 2022-ல் நம் ஊரில் பட்டத்தில் உள்ள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் அலுவலகத்தில் கேரள அரசு அப்படி ஒரு காப்பகம் திறந்தது. அரசு அலுவலகத்தில் முடிந்தது கடைத்தெருவிலும் முடிய வேண்டும்.

இன்னொரு விஷயம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், பிரசவ காலப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முதலாளி தர வேண்டும். அதனால் சில முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குகிறார்கள். பலர் சேர்ந்து போட்ட பணத்திலிருந்து கொடுத்தால் ஒருவருக்கும் பாரம் தெரியாது. ஈ.எஸ்.ஐ. நமக்குக் கற்றுத் தரும் பாடம் இது.

பிள்ளை பார்ப்பதும் வேலைதான்

2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. தமிழில் நூறு நாள் வேலை என்றோம். மலையாளத்தில் தொழிலுறப்பு என்றார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விதி எழுதினார்கள். வேலை நடக்கும் இடத்துக்குத் தாய்மாரோடு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், ஒரு பெண்ணைப் பிள்ளைகளைப் பார்க்க நிறுத்த வேண்டும். மண் வெட்டுகிறவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலியை அவளுக்கும் தர வேண்டும். பல இடங்களில் இது ஏட்டோடு நின்றது. ஆனாலும் விதி சொன்ன கருத்து பெரியது. பிள்ளை பார்ப்பதும் வேலை. அதற்கும் கூலி உண்டு. அப்படிச் செய்தால் மற்றப் பெண்கள் நிம்மதியாக வேலை செய்வார்கள். யாரும் யாருக்கும் கடன்பட வேண்டாம்.

டெல்லியில் 1969-ல் மீரா மகாதேவன் என்ற அம்மையார், கட்டட வேலை நடந்த இடத்திலேயே சித்தாள் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் தொடங்கினார். தாய் செங்கல் சுமக்கும்போது பிள்ளை கல்லிலும் மண்ணிலும் கிடக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். ஏழைத் தொழிலாளிக்கும் காப்பகம் நடத்த முடியும் என்று அவர் காட்டினார்.

கூட வேலை செய்கிறவரும் மனிதர்தான்

இனி தோழியின் பக்கம் வருவோம். கல்யாணமாகாத பெண்ணுக்கும் நேரம் உண்டு. பரீட்சைக்குப் படிக்க நினைக்கலாம். அவளுக்கும் களைப்பு உண்டு. பிள்ளை இல்லை என்பதால் அவள் நேரம் எல்லாருக்கும் பொதுச் சொத்து ஆகிவிடாது. படுத்த படுக்கையான அம்மாவைப் பார்க்கிற பெண்ணையும் நினையுங்கள். பிள்ளைக் காய்ச்சல் என்றால் எல்லாரும் இரங்குகிறார்கள். வயதான அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் அதே இரக்கம் வர வேண்டும் அல்லவா?

நம் ஊர்க் கல்யாண வீட்டில் மொய் நோட்டு வைப்போம். யார் எவ்வளவு செய்தார் என்று எழுதி வைப்போம். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது நாம் மறக்காமல் செய்வோம். நோட்டில் எழுதுவதால் அன்பு குறைந்து போகிறதா? இல்லை. மறந்து போனால்தான் மனத்தாங்கல் வருகிறது.

வேலை இடத்திலும் அப்படி ஒரு நோட்டு வையுங்கள். நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். அந்த எழுத்து இங்கே உதவும். "செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை, இவருக்காக இவர் நின்றார்." இவ்வளவுதான் எழுத வேண்டும். மாதக் கடைசியில் எல்லாரும் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் முறையை மாற்றுங்கள். அந்த நோட்டை முதலாளியிடமும் காட்டலாம். "இந்த மாதம் இத்தனை மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறோம்" என்று கணக்கோடு கேட்டால் அவர் தட்டிக்கழிப்பது கடினம்.

மொய் உடனே திரும்பி வராது. சிறு பிள்ளைக்காரி இந்த ஆண்டே திருப்பிச் செய்ய முடியாமல் இருக்கலாம். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அவள் செய்வாள். அதுவரை பொறுப்போம். ஆனால் கணக்கு இருக்கட்டும்.

தாயும் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல் சொல்லிவிட்டு வராது. தடுப்பூசி நாளும் பள்ளிக்கூட விழாவும் முன்பே தெரியும். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிள்ளையைச் சாக்காகச் சொல்லி வேறு வேலைக்குப் போகக்கூடாது. ஒருவர் பொய் சொன்னால் நாளைக்கு உண்மை சொல்லும் தாயையும் நம்பமாட்டார்கள்.

அப்பா எங்கே?

2018-ல் நியூசிலாந்து நாட்டுப் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் மூன்று மாதக் குழந்தையோடு ஐக்கிய நாடுகள் சபைக்குப் போனார். அவர் பேசும்போது குழந்தையை வைத்திருந்தவர் குழந்தையின் அப்பா. அப்பா பிள்ளையைப் பிடித்ததால் அம்மாவால் பேச முடிந்தது.

சுவீடன் நாட்டில் 1974 முதல் அப்பாவும் பிள்ளை வளர்ப்பு விடுப்பு எடுக்கலாம். நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. கடையிலும் கட்டடத்திலும் வேலை செய்யும் அப்பாக்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாவிட்டாலும் முறை வைக்கலாம். இந்தத் தடவைக் காய்ச்சலுக்கு அம்மா. அடுத்த தடவைக்கு அப்பா. அப்பா ஒரு நாள் லீவு போட்டால் கடைத் தோழிக்கு ஒரு இரவு மிச்சம்.

சேர்ந்து கேட்போம்

கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தார்கள். உட்கார்ந்தால் திட்டு. கோழிக்கோட்டில் பி. விஜி என்ற தையல் தொழிலாளி மற்றப் பெண்களோடு சேர்ந்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை நடத்திப் போராடினார். 2018-ல் சட்டம் திருத்தினார்கள். உட்காரும் உரிமை கிடைத்தது. "நான் நிற்கிறேனே, உனக்கு நிற்க முடியாதா?" என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் சண்டை போட்டிருந்தால் நாற்காலி வந்திருக்காது.

பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான். தாயும் தோழியும் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்க்க வேண்டாம். இருவரும் சேர்ந்து முதலாளியிடம் போங்கள். பண்டிகைக் காலத்தில் கூடுதல் ஆள் கேளுங்கள். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேளுங்கள். கடைத்தெருவுக்குப் பொதுவாக ஒரு காப்பகம் கேளுங்கள். பிள்ளை இல்லாத பெண்ணும் அந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போடட்டும். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாளில் பிள்ளைக்காரி அவளுக்காக நிற்கட்டும்.



கூடிப் பேசுவோம்

1. துணிக்கடைக் கதையில் சண்டைக்கு வராத இரண்டு பேர் யார்? அவர்கள் என்ன செய்திருக்கலாம்?

2. உங்கள் வேலை இடத்தில் ஒருவர் வராத நாளில் அவர் வேலையை யார் செய்கிறார்?

3. உங்கள் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் லீவு போடுகிறார்கள்? ஏன்?

4. ஒரு நோட்டு எடுங்கள். இந்த வாரம் யாருக்காக யார் நின்றார் என்று எழுதிப் பாருங்கள்.