உலோகத்துள் ஓயாத ஓட்டம்



பொழிச்சலூரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் மீனம்பாக்கத்து விமானங்களின் ஒலி கேட்கும். நெருங்கி வரும்போது அவ்வொலியின் சுருதி உயர்ந்தும், கடந்து போகையில் தாழ்ந்தும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே விமானம் வருகிறதா, போகிறதா என்று சொல்லிவிடலாம். உலோகத்துக்குள் ஓடும் எலெக்ட்ரான்களின் உந்தத்தை அறிஞர்கள் ஏறத்தாழ இவ்வாறே அறிகின்றனர். உந்தமாவது, நிறையை வேகத்தால் பெருக்கிவரும் அளவு.

எக்ஸ் கதிர் ஓர் எலெக்ட்ரான்மீது மோதிச் சிதறினால் அதன் அலைநீளம் மிகும். இதனை 1923இல் விளக்கியவர் ஆர்தர் காம்ப்டன். எலெக்ட்ரான் அசையாதிருந்தால், குறித்த கோணத்தில் சிதறும் கதிருக்கு ஒரே அலைநீளந்தான் உண்டு. அது ஓடிக்கொண்டிருந்தாலோ, அலைநீளம் அதனினும் சற்றுக் கூடும், அல்லது குறையும். ஆகவே, மெல்லிய கோடு பட்டையாக அகன்றுவிடும். அகலம் உந்தத்தைச் சொல்லும்.

தனிப்பூஜ்ய வெப்பநிலையில் எல்லா அசைவும் ஒடுங்கிவிடும் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தேன். அது பிழை. ஒரு நிலையில் இரண்டு எலெக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. கீழ்வரிசை நிரம்பினால் ஏனையவை மேல்வரிசைக்குச் சென்றே தீர வேண்டும். அங்கே அவை குளிரிலும் ஓடும். ஃபெர்மியும் டிராக்கும் 1926இல் வகுத்த கணக்கு இது.

1928இல் ஜெர்மானியப் பேரறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று கண்டார். தாம் கற்றுத் தேர்ந்த அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்று அவர் வாயிலாகவே அறிந்தார். மாணவர் சோர்ந்துவிடவில்லை. சோமர்ஃபெல்ட் கொடுத்த அச்சுப்படிகளைப் படித்துத் தெளிந்து, புதிய கணக்கைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி எழுதினார். அக்கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. அதே ஆண்டில் அமெரிக்காவில் டூமாண்ட் பெரிலியத்தை அளந்தார். பட்டையின் அகலம் புதிய கணக்குக்கே ஒத்திருந்தது.

ஓர் அளவீடு ஒரு திசையின் உந்தத்தை மட்டுமே காட்டும்; அது சுவரில் விழும் நிழல் போன்றது. படிகத்தைப் பல திசைகளில் திருப்பி அளந்து, நிழல்களிலிருந்து முழு உருவைக் கணிதத்தால் மீட்கின்றனர். உடலின் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவை மீட்பதும் இவ்வினக் கணக்கே. அதற்கு 1971இல் எளிய வழி கண்டவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும். இராமச்சந்திரன் முன்பு நம் கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியவர்.

கற்றது பழையதாயிற்று என்று அறியும் நாள் உங்களுக்கும் வரும். அன்று வருந்தாதீர்கள்; புதியதைக் கையில் எடுங்கள். நான் சற்றுத் தாமதமாகவே திருத்திக்கொண்டேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.