கடலைக் கடக்கும் நுண்ணலை

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றால் நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் தோன்றும். நெடுந்தீவுக்கோ படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அந்தப் படகும் ஓடாது. அவ்வேளையில் நெடுந்தீவிலே ஒரு தாய்க்குப் பேறுகால வேதனை மிகுந்தால், யாழ்ப்பாணத்திலுள்ள மருத்துவருக்குச் செய்தி எவ்வாறு எட்டும்? இக்கேள்விக்கு விடை தேடும் தொழிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதுவே நுண்ணலைத் தொடர்புப் பொறியியல்.

நுண்ணலை என்பது வானொலி அலையின் ஓர் இனம். அதன் நீளம் 30 சென்ரிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது. ஜகதீஸ் சந்திர போஸ் 1895 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே, மில்லிமீற்றர் அளவான அலைகளைச் சுவர்களை ஊடுருவச் செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1931 இல் இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் இடையே, சுமார் 40 கிலோமீற்றர் தூரம், நுண்ணலை வழியே பேசிக் காட்டினர். இந்த அலை தொடக்கத்திலேயே ஒரு நீரிணையைக் கடந்தது என்பது தீவு மக்களாகிய நாம் கருதத்தக்கது. சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்குக் கடலடியிற் கம்பி இடுதல் பெருஞ் செலவு. இரு கரையிலும் இரு கோபுரங்கள் நிறுத்தி, கிண்ணம் போன்ற அன்ரனாக்களை ஒன்றையொன்று நோக்க வைத்தால், அலையே கம்பியாகிவிடும்.

சொல்வது எளிது, செய்வது கடினம். நுண்ணலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. பூமியோ வளைந்தது. 30 மீற்றர் உயரமான இரு கோபுரங்கள், வளிமண்டலம் அலையைச் சிறிது வளைத்துத் தருவதையும் சேர்த்து, ஏறக்குறைய 45 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றையொன்று மட்டுமட்டாகக் காணலாம். ஆனால் அலைக்கற்றை நூல்போல் மெல்லியதன்று. 7 கிகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில், 20 கிலோமீற்றர்ப் பாதையின் நடுவே, அதனைச் சூழச் சுமார் 15 மீற்றர் ஆரையுள்ள வெளி வேண்டும். ஆகவே பொறியியலாளர் கடலின் வளைவையும் கணக்கிட வேண்டும். கரையோரப் பனங்கூடலின் உயரத்தையும் கணக்கிட வேண்டும்.

இன்னொரு விந்தையுமுண்டு. படகோட்டிக்குப் பகை கொந்தளிக்கும் கடல். நுண்ணலைக்குப் பகையோ அமைதியான கடல்! அசையா நீர் கண்ணாடிபோல் அலையைத் தெறிக்கச் செய்கிறது. நேரே வந்த அலையின் முகடும் தெறித்து வந்த அலையின் பள்ளமும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒலி மங்கிவிடும். இதற்குப் பரிகாரம், ஒரே கோபுரத்தில் வெவ்வேறு உயரங்களில் இரு அன்ரனாக்களைப் பொருத்துவது. ஒன்று இழந்ததை மற்றது பெறும். ஈரம் மிக்க கடற்காற்றின்மேல் வறண்ட காற்றுப் படியும்போது அலை வளைந்து நெடுந்தூரம் ஓடுவதுமுண்டு. தமிழ்நாட்டு ஒலிபரப்பு சில வேளைகளில் நம் கரையில் வழமையிலும் தெளிவாய்க் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை மாரிமழை தின்னும். உப்புக் காற்றோ கோபுரத்தின் இரும்பையே தின்னும்.

இத்தனையையும் ஒருவரே பார்த்தல் இயலாது. பாதையைத் திட்டமிடுவோர், கோபுரத்தை வடிவமைப்போர், மின்சுற்று அமைப்போர், இடிதாங்கியும் மின்கலமும் பேணுவோர், உச்சியிலேறிப் பழுது நீக்குவோர் எனப் பலரும் வேண்டும். க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றையும் கற்றுத் தேர்வோர்க்கு மொறட்டுவையிலும் பேராதனையிலும் பொறியியற் பீடங்கள் உள. 2014 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் கிளிநொச்சியில் தொடங்கியது. பட்டம் பெற இயலாதோர் தளர வேண்டியதில்லை. தொழினுட்பக் கல்லூரியிற் கற்ற கை இல்லாவிடின் பொறியியலாளரின் கணக்கு வெறுங் காகிதமே. இதில் ஆண், பெண் என்ற வேறுபாடுமில்லை.

தீவுப் பிள்ளைகள் கற்றபின் கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் ஒன்று சொல்வேன். நகரத்து மாணவன் நூலிற் படிக்கும் பாடத்தை நெடுந்தீவுப் பிள்ளை நாள்தோறும் கண்ணாற் காண்கிறது. கடல் எப்போது அசையாது கிடக்கும், காற்று எப்போது திரும்பும், உப்பு எதை முதலில் அரிக்கும் என்பதை அதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பலோட்டிய முன்னோர் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டே கரை சேர்ந்தனர். அந்த அறிவோடு கணிதமும் பௌதிகமும் சேருமாயின், கடல் கொந்தளிக்கும் இரவிலும் ஒரு தாயின் குரல் அக்கரை சேரும்.