44 ஏக்கர் அங்கோலா



தலைமையுரை ஆற்றுபவர் தலைப்பின் பெருமையைச் சொல்லி, கட்டுரையாளர்களை வாழ்த்தி, நேரத்தோடு அமர்ந்துவிடுவது நம் மரபு. வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மீதி நேரத்தில் ஒரு குடும்பத்தைத் தேடிப் போகலாம் என்றிருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் வாழ்ந்த குடும்பம் அது. குடிவழி ஆய்வில் நாம் சறுக்கி விழுகிற இடங்களையும், அபூர்வமாகக் கால் ஊன்றுகிற இடங்களையும் அந்த ஒரு குடும்பத்திலேயே பார்த்துவிடலாம்.

புறப்படும் இடம் நம் ஊர்தான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு பழைய கல்லறை இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே அடக்கமானவர்களில் ஒருவன் டேவிட் யேல் என்ற குழந்தை. அவனுடைய தந்தை எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவே அவருடையதுதான்: 1680 நவம்பர் 4. அமெரிக்கக் குடியேற்றத்தில் பிறந்து இங்கே வந்தவருக்குப் பதிவேடு இருக்கிறது, மகனின் கல்லறை இருக்கிறது, அவர் பெயரில் அங்கே ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது.

கிழக்கிலிருந்து அங்கே போனவருக்கு என்ன இருக்கிறது? 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வர்ஜீனியா வணிகர் அரசிடம் நிலம் பெறுகிறார். அந்த நிலக்கொடைப் பத்திரத்தில் சில ஆட்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்று "டோனி, கிழக்கிந்தியன்". பிறந்த ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, வயது இல்லை. அந்தப் பெயரும் டோனிக்காக எழுதப்பட்டதல்ல. 1618 முதல் வர்ஜீனியாவில் ஒரு ஏற்பாடு இருந்தது. கடல் தாண்டி ஓர் ஆளைச் சொந்தச் செலவில் கொண்டுவந்து சேர்ப்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். தலையுரிமை என்று சொல்லலாம். மெனிஃபிக்கு டோனி என்பவன் 50 ஏக்கர். அதனால்தான் ஏட்டில் ஏறினான்.

நில ஆவணங்களை நம்பிக் குடிவழி தேடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. குடும்பத்தைப் பதிவுசெய்ய எந்தக் குமாஸ்தாவும் பத்திரம் எழுதவில்லை. யாருக்கு எவ்வளவு நிலம், எதன் பேரில், வரி யார் கட்டுவது என்பதற்காக எழுதினார். அப்பனும் மகனும் மனைவியும் அந்த வேலையின் ஓரத்தில் தற்செயலாக வந்து விழுகிறார்கள். தலையுரிமைச் சீட்டுகள் கைமாறின, விலைக்குப் போயின, ஒரே ஆளின் பேரில் இரண்டு முறை நிலம் வாங்கியவர்களும் உண்டு. ஆகவே 1635 பத்திரத்தில் பெயர் இருப்பதால் அவர் 1635இல் வந்து இறங்கினார் என்று எழுதுவது தவறு. அந்த ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்வதில்லை.

டோனியைப் பற்றி வேறு தாள் ஏன் கிடைக்கவில்லை? மெனிஃபி இருந்தது ஜேம்ஸ் சிட்டி மாவட்டம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்த மாவட்டத்தின் ஆவணங்களைப் பாதுகாப்புக்காக ரிச்மண்ட் நகருக்கு அனுப்பினார்கள். 1865 ஏப்ரல் 3 அன்று ரிச்மண்ட் எரிந்தது. பாதுகாப்பாக வைத்தவை எல்லாம் சாம்பலாயின. நிலக்கொடைப் பதிவேடுகள் மாவட்டத்துடையவை அல்ல, குடியேற்றம் முழுமைக்குமானவை. அவை தப்பியதால் டோனியின் பெயர் தப்பியது. டோனி கூலி கேட்டு வழக்குப் போட்டானா, மணம் முடித்தானா, விடுதலை பெற்றானா என்பதையெல்லாம் சொல்லியிருக்கக்கூடிய நீதிமன்ற ஏடுகள் போய்விட்டன.

இங்கே நம்மவர்களுக்கு ஓர் ஆசை வரும். கிழக்கிந்தியன் என்றால் நம் கடற்கரைக்காரனாகத்தான் இருக்க வேண்டும், பெயர் டோனி என்பதால் போர்த்துகீசியர் ஞானஸ்நானம் கொடுத்த பரவனாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். ஆங்கிலக் கம்பெனி 1611இல் மசூலிப்பட்டினத்திலும் 1626இல் ஆர்மகானிலும் கடை விரித்துவிட்டது என்று அடிக்குறிப்பும் போடலாம். சென்னை அப்போது பிறக்கவே இல்லை, அது 1639. பிருந்தா சாரி 2023இல் எழுதிய நாவல் டோனியைச் சோழமண்டலக் கரையில் பிறந்தவனாக்குகிறது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. நமக்கு இல்லை. 'கிழக்கிந்தியன்' என்ற சொல் அன்றைய ஆங்கிலேயன் வாயில் குஜராத்திலிருந்து ஜாவாவரை நீண்டது.

இனி இன்னொரு டோனி. செசப்பீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் நார்த்தாம்ப்டன் மாவட்டம் இருக்கிறது. அதன் நீதிமன்ற ஏடுகள் 1632 தொடங்கி இன்றுவரை அறுபடாமல் இருக்கின்றன. ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவில் இவ்வளவு பழைய, தொடர்ச்சியான மாவட்ட ஏடுகள் வேறெங்கும் இல்லை. அந்த ஏடுகளில்தான் நாம் தேடிப் புறப்பட்ட குடும்பத்தின் ஆண்டனி ஜான்சனும் அவர் மனைவி மேரியும் கிடைக்கிறார்கள்.

1625ஆம் ஆண்டின் ஆள் கணக்கில் பென்னட் என்பவரின் தோட்டத்தில் "அன்டோனியோ, நீக்ரோ" என்று ஒருவர். 1621இல் 'ஜேம்ஸ்' கப்பலில் வந்தவர். அதே தோட்டத்தில் "மேரி, நீக்ரோப் பெண்". 1622இல் 'மார்கரெட் அண்ட் ஜான்' கப்பலில் வந்தவர். கால் நூற்றாண்டுக்குப் பின் கிழக்குக் கரையில் ஆண்டனி ஜான்சன், மேரி என்ற கணவன் மனைவி, சுதந்திரமானவர்கள், நிலக்காரர்கள். முந்தைய இருவரும் பிந்தைய இருவரும் ஒரே ஆட்கள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் அப்படிச் சொல்லும் தாள் ஒன்றும் இல்லை. பெயர், நிறம், இணை, காலம் நான்கும் பொருந்துவதால் எடுத்த முடிவு அது. முடிவு எடுப்பது தவறில்லை. முடிவை ஆவணம் போல எழுதுவதுதான் தவறு.

1651இல் ஆண்டனி ஜான்சன் 250 ஏக்கர் பெறுகிறார். ஐந்து தலைகள், தலைக்கு 50. அடுத்த சில ஆண்டுகளில் மகன் ஜானுக்கு 11 தலைகளுக்கு 550 ஏக்கர், ரிச்சர்டுக்கு இரண்டு தலைகளுக்கு 100 ஏக்கர். தந்தையின் பத்திரத்தில் உள்ள ஐந்து பெயர்களில் ஒன்று ரிச்சர்ட் ஜான்சன். அது மகன்தான் என்றால், வர்ஜீனியாவிலேயே பிறந்திருக்கக்கூடிய பிள்ளையைக் 'கொண்டுவந்ததாக'க் காட்டித் தகப்பன் நிலம் வாங்கியிருக்கிறார். தலையுரிமைப் பட்டியலைக் கப்பல் பயணிகள் பட்டியலாக வாசிக்காதீர்கள் என்று இதைவிட எப்படிச் சொல்வது!

குடும்பம் என்று ஒன்று நம் கண்ணுக்குத் தெரிவது நிலத்தால் அல்ல, ஒரு தீயால். 1653இல் ஜான்சன் வீட்டில் பெரும் தீ. நீதிமன்றத்துக்கு மனுப் போடுகிறார்கள். நீதிபதிகள் மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுதும் தலைவரி விலக்கு அளிக்கிறார்கள். இந்த உத்தரவின் கனம் புரிய வேண்டுமானால் 1643ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆங்கிலேயக் குடியேறியின் மனைவிக்குத் தலைவரி கிடையாது, ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு உண்டு என்று அந்தச் சட்டம் வகுத்தது. வரி என்ற ஒன்று இல்லாதிருந்தால் விலக்கும் இல்லை. விலக்கு இல்லாதிருந்தால் அந்த இரண்டு மகள்கள் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. குடியேற்ற அமெரிக்காவில் பெண்களைத் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் தேட வேண்டும். கணவன் நிலம் விற்றால், பின்னாளில் விதவையாகி அதில் பங்கு கேட்க மாட்டேன் என்று மனைவி எழுதித் தர வேண்டியிருந்தது. கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியே அழைத்து, "விரும்பித்தான் விட்டுக்கொடுக்கிறாயா?" என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். எத்தனையோ பெண்களின் பெயர் அந்த ஒரு வரியில் மட்டும் இருக்கிறது.

ஜான்சனைத் தியாகியாக்க விரும்புகிறவர்களுக்கு 1655 சங்கடமான ஆண்டு. ஜான் கேஸர் என்ற கறுப்பினத்தவர், தாம் ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் என்றும், ஜான்சன் தம்மைக் கெடு கடந்தும் பிடித்து வைத்திருப்பதாகவும் சொல்லி, அண்டை வீட்டு வெள்ளைக்காரரிடம் போய்விட்டார். ஜான்சன் வழக்குப் போட்டு வென்றார். கேஸர் ஆயுள் முழுதும் அவருக்கே உரியவர் என்றாகியது. முன்னோரைத் தேடிப் போகிறவர் கிடைத்தவரை ஏற்க வேண்டும். பிடித்தவரைப் பொறுக்கி எடுக்க முடியாது. தீர்ப்பின் தேதியையும் கவனியுங்கள்: மார்ச் 8. அன்றைய ஆங்கிலக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஏடு இதை 1654 என்று எழுதும், நாம் 1655 என்கிறோம். 1752இல்தான் இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் ஜனவரிக்கு மாறின. பிப்ரவரியில் பிறந்த பிள்ளை முந்தைய ஏப்ரலில் நடந்த திருமணத்துக்கு முன்பே பிறந்துவிட்டதாக எண்ணி, ஒரு குடும்பத்தின் மானத்தையே வாங்கிய கட்டுரைகள் உண்டு.

உறவுச் சொற்களும் இப்படித்தான் காலை வாரும். உயிலில் வரும் 'கஸின்' பல நேரம் உடன்பிறந்தார் மகன். 'மதர் இன் லா' மாற்றாந்தாயாக இருக்கலாம். 'ஜூனியர்' என்பது மகன் என்று பொருள்படாது. ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் இளையவர், அவ்வளவே. 'கஸினை' நம்பி ஒரு தலைமுறையை இடம் மாற்றி வைத்துக் கட்டுரை எழுதியவன் நான். திருத்தம் வெளியிட மூன்று ஆண்டு ஆனது.

குடும்ப பைபிள்களைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களின் விதவைகளுக்கு 1836இல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. பல பெண்கள் பைபிளின் குடும்பப் பக்கங்களைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. அத்தகைய பக்கம் கையில் கிடைத்தால் முதலில் பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1760இல் பிறந்த குழந்தையின் பெயர் 1802இல் அச்சான பைபிளில் இருந்தால், பிறந்த அன்று எழுதியதல்ல, யாரோ நினைவிலிருந்து எழுதியது. பத்துப் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தாலும் அதே கதைதான்.

நிலத்துக்கு வருவோம். வர்ஜீனியாவில் 1785ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே போகும். அதற்குப் பத்திரம் தேவையில்லை. ஒருவர் நிலத்தை விற்கிறார், அவர் வாங்கியதற்கு மூலப்பத்திரமே இல்லை என்றால் நம் ஊர் வக்கீல் வில்லங்கம் என்பார். குடிவழி ஆய்வாளர் அங்கே மகிழ்ச்சியடைய வேண்டும். அந்த நிலத்தின் முந்தைய சொந்தக்காரர் பெரும்பாலும் அவருடைய தகப்பனார். எல்லை சொல்வதில் நம் பத்திரங்களுக்கும் அவற்றுக்கும் வேற்றுமை குறைவு: ஓடை, வெள்ளைக் கருவாலி மரம், அண்டை நிலத்துக்காரர் பெயர். அண்டைக்காரர்களை வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். சம்பந்தி, சாட்சி, மைத்துனன் எல்லோரும் அந்த நான்கெல்லைக்குள் இருப்பார்கள்.

1665 வாக்கில் ஜான்சன் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்குப் பெயர்ந்தது. அங்கே சாமர்செட் மாவட்டத்தில் 300 ஏக்கர் குத்தகை. அன்றைய மேரிலாந்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் பெறுகிறவர் ஒரு பெயர் சூட்டுவார். ஆள் மாறினாலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். இவர்கள் நிலத்தின் பெயர் 'டோனியின் திராட்சைத் தோட்டம்'. 1670இல் ஆண்டனி இறந்தார். அதே ஆண்டு வர்ஜீனியாவில் ஒரு ஜூரி கூடி, அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர், அவர் அங்கே விட்டுவந்த நிலம் அரசருக்கே சேரும் என்று முடிவு சொன்னது. அரசே பத்திரம் போட்டுக் கொடுத்த நிலம் அது. 19 ஆண்டுகளில் அவருடைய தோலின் நிறம் மாறிவிடவில்லை. தீர்ப்புச் சொன்னவர்களின் நாடுதான் மாறியிருந்தது.

1677இல் அவருடைய பேரன், அவனும் ஜான், சாமர்செட்டில் ஒரு சிறு நிலம் வாங்கினான். 44 ஏக்கர். அதற்கு அவன் வைத்த பெயர் அங்கோலா. தாத்தா எங்கிருந்து வந்தார் என்று எந்த ஆள் கணக்கும், எந்த நீதிமன்ற ஏடும் எழுதவில்லை. அன்டோனியோ அங்கோலாக்காரர் என்று வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வதற்கு முதன்மையான ஆதாரம் இந்த நிலத்தின் பெயர்தான்.

இந்த அரங்கில் இன்றும் நாளையும் பல பெயர்கள் சொல்லப்படும். கட்டுரையாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு தகப்பனையும் மகனையும் இணைக்கும்போது, அந்த இணைப்பு எந்த ஏட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஏட்டில் இல்லாமல் உங்கள் ஊகமாக இருந்தால், ஊகம் என்றே சொல்லுங்கள். அவை அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. முதல் அமர்வைத் தொடங்கலாம்.