கரையும் வேணும், மதகும் வேணும்



‘கருவில் வளரும் உயிருக்குக் காவல், சட்டத்தின் கடுமையா? தாயின் உரிமையா?’ தாயின் உரிமையே என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் எழுந்ததுமே புறநானூற்றை எடுத்து என் தலையில் போட்டார். ‘கருவைச் சிதைப்பது பாவம்னு ஆலத்தூர் கிழார் பாடியிருக்காரே, தமிழ்ப் பேராசிரியர் என்ன சொல்லப் போறார்?’னு கேட்டார். ஐயா, அந்தப் பாட்டு எனக்கும் தெரியும். அதுக்குத்தானே சம்பளம் வாங்குறேன்! (சிரிப்பு)

முப்பத்து நாலாம் பாட்டை நிதானமாப் படிங்க. மகளிருடைய கருவைச் சிதைத்தவர் என்கிறார். அங்கே குற்றவாளி யார்? சுமக்கிற பெண்ணா? இல்லை, அவ கருவைச் சிதைச்ச அடுத்தவன்! அதுக்குக்கூடக் கழுவாய் உண்டு. நன்றி கொன்றவனுக்குத்தான் இல்லைன்னு முடிக்கிறார்.

பெண்சிசுவை யார் காப்பாத்துறதுன்னு எதிரணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வர வேண்டியிருந்த நாடுதான் இது. 1994இல், கருவில் இருப்பது ஆணா பெண்ணான்னு பார்த்துச் சொல்வதைத் தடுத்துச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே என்ன சொல்லுது தெரியுமா? பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணியைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் கருத வேண்டும்! ஆலத்தூர் கிழார் நீதிமன்றத்துக்கே வந்துட்டார் பாருங்க! (கைதட்டல்)

இப்போ ஒரு வேதனையைச் சொல்றேன். என் பழைய மாணவி ஒருத்தி, கும்மிடிப்பூண்டியில கம்பெனி வேலை. ரெண்டு பிள்ளைங்க. கருத்தடை தவறி மூணாவது, எட்டு வாரம். புருஷன் லீவு முடிஞ்சு துபாய் போயாச்சு. ஒரு மருத்துவமனையில ‘புருஷன் கையெழுத்து இல்லாம முடியாது’ன்னுட்டாங்க. எங்கிட்ட வந்து, ‘ஐயா, அப்பா ஸ்தானத்துல நீங்க போடுவீங்களா?’ன்னு கேட்டா. நான் தயங்கினேன். அவ கடையில மாத்திரை வாங்கித் தானே போட்டு, ரத்தப்போக்கில் உயிர் பிழைச்சதே பெரும்பாடு.

அப்புறம்தான் நான் படிச்சேன். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயசு நிறைஞ்ச பெண்ணுக்கு அவ சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தே தேவையில்லை! 2021 திருத்தத்தின்படி இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து. சில பிரிவினருக்கு இருபத்து நாலு வாரம் வரை இரண்டு மருத்துவர்கள். அந்த வசதி மணமாகாத பெண்ணுக்கும் உண்டுன்னு 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் இருந்தது. எனக்குத் தெரியலை. நாலு டிகிரி வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணைக் கைவிட்டேன்.

இதோ உங்க ஊர் ஏரி. கரை இல்லேன்னா தண்ணி நிக்காது. மதகு இல்லேன்னா? வெள்ளம் வந்த அன்னைக்குக் கரையே உடையும்! 1994 சட்டம் கரை. 1971 சட்டம் மதகு. அந்த மதகுச் சாவி அவ கையில் இருக்கட்டும் என்று சொல்லி அமைகிறேன்.