தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் பாடம் நடத்துவதைப் பற்றி என்ன பேசப்போகிறான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான், நான் படித்தது பி.காம். ஆனால் ஜூன் மாதத்திலிருந்து சனி, ஞாயிறு மாலைகளில் நம் கம்யூனிட்டி ஹாலில் எட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறேன். செக்யூரிட்டிகளின் பிள்ளைகள், நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். எல்லோரும் நான்காம், ஐந்தாம் வகுப்பு.

முதல் நாள் படிக்கச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் கணீரென்று படித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தனியாகப் படிக்கச் சொன்னேன். வாயே திறக்கவில்லை. இத்தனை வருடமும் கூட்டத்தோடு உதட்டை அசைத்தே ஓட்டியிருக்கிறாள். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனாலும் உள்ளே தப்பு இருக்கலாம் என்று எனக்குச் சொல்லித்தானே கொடுத்தார்கள்!

நம் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான் வழி காட்டினார். ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ள நான்கு பேருக்கு ஒரே கதை. அவரவர் மெதுவாகத் தனக்குத்தானே படிக்க வேண்டும். நாம் ஒவ்வொருவர் பக்கமாகப் போய்க் காது கொடுக்க வேண்டும். எந்தக் கதை என்பதற்கு நியூசிலாந்தின் மேரி கிளே சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 100 சொல்லில் 95க்கு மேல் சரியென்றால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும். 90 முதல் 94 வரை என்றால், பக்கத்தில் இருந்து கற்றுத்தர ஏற்றது. அதற்கும் கீழே போனால் வேறு கதை எடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் நான் கொஞ்சம் தளர்த்தித்தான் பார்க்கிறேன். நம் அரசின் வாசிப்பு இயக்க நூல்களிலேயே நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு. அந்தப் பெண் ‘நுழை’யில் தொடங்கினாள்.

‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்று வந்தால் பாதி வழியில் நின்றுவிடுவாள். நான் சொல்லிவிடத் துடிப்பேன். “சும்மா இருங்க சார்” என்பார் ஆசிரியை. ‘போய்’ மட்டும் தெரியும்படி மிச்சத்தை விரலால் மறைத்து, விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் அவளே பிடித்துக்கொள்கிறாள். காத்திருப்பதுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும், பக்கத்தில் எலிகளும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பத்து வரி நானே எழுதிக்கொண்டு போனேன். ஒரு பையன் தப்பில்லாமல் படித்தான். “எலிகள் ஏன் ஓடவில்லை?” என்றேன். முழித்தான். திக்கித் திக்கிப் படித்த இவள்தான் சொன்னாள்: “பூனை நெசமாவே சாமி கும்பிடுதுன்னு நம்பிடுச்சுங்க தாத்தா.”

நம் வீட்டுப் பிள்ளைகள் சரளமாகப் படிப்பார்கள் என்று நம்ப வேண்டாம். இன்று இரவே பேரனைத் தமிழில் ஒரு பக்கம் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அதை இங்கே விவரிக்க மாட்டேன்.

ஹாலை வெளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். சத்தம் என்ற புகார் சரியே. இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஆனால் அடுத்த ஜூனில் அவள் ஆறாம் வகுப்பு. அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களைத் தானே படித்தாக வேண்டும். அதுவரை வாரம் இரண்டு மாலை ஹால் வேண்டும். காது கொடுக்க இன்னும் மூன்று பேர் வேண்டும், ஆளுக்கு அரை மணி நேரம். படிப்புத் தகுதி எதுவும் வேண்டாம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாருங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், எழுத்து கொஞ்சம் பொடிசு.